ஆறாவது வாரமும் பத்தாவது வருஷமும்

மூத்திரக் கசிவுக்கு அறுவை செய்த டாக்டர் அந்தப் பெண்ணைக் கடைசியாகப் பார்ப்பது பெரும்பாலும் ஆறாவது வாரம். தையல் ஆறியிருக்கும். இருமச் சொல்வார், ஒரு சொட்டும் வராது. ‘நல்லா இருக்கீங்க, இனிமே வர வேண்டாம்’ என்று அனுப்பிவிடுவார். அதே பெண் எட்டோ பத்தோ வருஷம் கழித்து மறுபடி துணி வைத்துக்கொள்ள ஆரம்பித்தால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகமாட்டாள். பஸ் மாற வேண்டும், டோக்கன் போட வேண்டும், அந்த டாக்டர் இன்னும் அங்கே இருக்கிறாரோ என்னவோ. தெருமுனையில் இருக்கிற என்னிடம் வருவாள். அதுவும் இதற்கென்று வரமாட்டாள். முட்டிவலி என்று வந்து, சர்க்கரை மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, எழுந்து கதவுவரை போனபிறகு திரும்பி, ‘இன்னொண்ணு டாக்டரம்மா...’ என்று இழுப்பாள்.

அனகாபுத்தூரில் கிளினிக் போட்டு உட்கார்ந்ததில் ஒரு வசதி உண்டு. இங்கே சனங்கள் ஊரை விட்டுப் போவது குறைவு. தறிக்காரர்களின் ஊர் இது. ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறிய மெட்ராஸ் கைக்குட்டையை நெய்தவர்கள். இப்போது வாழைநாரில் சேலை நெய்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் தேடி வருகிறார்கள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். தெருக்கள் பழைய தெருக்கள்தான். மருமகளாக வந்தவளுக்குப் பிரசவம் பார்த்து, பிறகு அவளுக்கு அடி இறங்கியதைப் பார்த்து ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்து, அவளுடைய மருமகளுக்கும் பிரசவம் பார்க்கிற அளவுக்கு ஒரே நாற்காலியில் இருந்துவிட்டேன். கத்தி பிடிக்கிறவர்கள் பலருக்குக் கிடைக்காத காட்சி எனக்குக் கிடைத்தது. அவர்களுடைய வேலை காலப்போக்கில் என்ன ஆகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்துத்தான் அடி தளர்ந்துபோச்சு என்று இங்கே மூத்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தறிப் பக்கமே போகாத வாத்தியாரம்மாவுக்கும் வருகிறது. பிரசவம்தான் முதல் காரணம். அதற்குமேல் உடம்பு எடை, ஓயாத இருமல், மலச்சிக்கல், மாதவிலக்கு நின்ற பிறகு திசுக்கள் மெலிவது. செடிக்குத் தண்ணீர் விடும் ட்யூப்பைக் கட்டாந்தரையில் போட்டு மிதித்தால் தண்ணீர் நிற்கும். சேற்றில் போட்டு மிதித்தால் ட்யூப் உள்ளே அமுங்குமே தவிர அடைபடாது. மூத்திரக் குழாய்க்குக் கீழே இருக்கிற தசையும் சவ்வும் தரையாக உறுதியாக இருக்கிறவரை தும்மினாலும் குடம் தூக்கினாலும் கசியாது. ஜான் டிலான்சி என்ற அமெரிக்கர் 1994-ல் தந்த விளக்கம் இதுதான். அதற்கு முன்னும் பின்னும் வந்த அறுவைகள் பெரும்பாலும் அந்தத் தரையை ஏதோ ஒரு விதத்தில் கெட்டிப்படுத்தப் பார்த்தவை.

நான் எண்பதுகளில் எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையில் தொழில் கற்றபோது கை பழகிய முறை கெல்லி தையல். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஹோவர்ட் கெல்லி 1914-ல் விவரித்தது. கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுக்கும்போதே மூத்திரப்பையின் கழுத்துக்கு அடியில் இரண்டு மூன்று தையல் போட்டு இழுத்துக் கட்டிவிடுவோம். தனியாக வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தனிச் செலவு இல்லை. வார்டில் கதீட்டர் எடுத்த அன்று எல்லோருமே நன்றாக இருப்பார்கள். அந்தத் தையல் எத்தனை நாள் நிற்கும் என்று அப்போது யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

1995-ல் பெர்க்மனும் ஈலியாவும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கிளினிக்கில் அதற்குள் அதே கணக்கைப் பார்த்துவிட்டிருந்தேன். பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று அறுவைகளுக்குப் பிரித்து ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். கெல்லி வகைத் தையலில் ஒரு வருஷம் முடிந்தபோது 63 சதவீதம் பேர் குணம். ஐந்தாம் வருஷம் 37. நீள ஊசியில் நூல் கோத்துத் தூக்கிக் கட்டும் பெரேரா முறையில் 65 இருந்தது 43 ஆயிற்று. பர்ச் ஆபரேஷனில் 89-லிருந்து 82. முதல் வருஷத்தோடு கணக்கை மூடியிருந்தால் மூன்றுமே பரவாயில்லை என்றுதான் தோன்றியிருக்கும். ஊசி முறைகள் அதன்பிறகு மெல்ல மறைந்தன. அவற்றுக்கு எத்தனையோ பேர் சொந்தப் பெயர் சூட்டியிருந்தார்கள்.

பர்ச் கெட்டிக்காரத்தனமான ஆபரேஷன். ஜான் பர்ச் 1961-ல் சொன்னது. அடிவயிற்றைத் திறந்து, யோனிச் சுவரை மூத்திரப்பையின் இருபுறமும் இடுப்பெலும்பின் உட்பக்கத் தசைநாரோடு சேர்த்துக் கட்டுவது. பத்து முதல் இருபது வருஷம் வரை பார்த்த ஒரு லண்டன் ஆய்வில், பலன் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் மெதுவாகக் குறைந்து, பிறகு 69 சதவீதத்தில் நிலைத்து நின்றது. இந்தத் தொழிலில் அது நல்ல எண். ஆனால் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினால் பாரம் முழுக்கப் பின்பக்கம் விழுகிறது. என்னிடம் வந்த பொழிச்சலூர்க்காரப் பெண்மணி ஒருவர், ‘ஒரு சொட்டு லீக் இல்ல, ஆனா கக்கூஸ் போறப்ப பின்னால ஏதோ பந்து மாதிரி எறங்குது’ என்றார். அறுவை செய்தவர் பதிவேட்டில் அவர் வெற்றி. அது பொய்யும் இல்லை, கசிவு நின்றுதான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து டேப் வந்தது. உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த முறை. 11 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் நாடாவை மூத்திரக் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே தொட்டில்போல் விட்டு, இரண்டு முனையையும் அடிவயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்து வெட்டிவிடுவார்கள். முடிச்சு இல்லை, இழுத்துக் கட்டுவது இல்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்துவிட்டு, மேஜையில் படுத்திருக்கிற பெண்ணையே இருமச் சொல்லி, கசிவு நிற்கிற அளவுக்கு டேப்பைச் சரிசெய்வார்கள். மூத்திரக் குழாய்க்கும் டேப்புக்கும் நடுவே கத்தரிக்கோலின் முனை நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். தளர்வாக இருப்பதுதான் அதன் நுட்பம். இறுக்கினால் மூத்திரமே போகாது. இங்கேயும் பத்து வருஷத்துக்குள் பரவிவிட்டது. நான் டேப் வைத்ததில்லை, அனுப்பி வைத்திருக்கிறேன்.

ஒருமுறை கம்பெனிக்காரர் விட்டுப்போன மாதிரித் துண்டு மேஜையில் கிடந்தது. ஆபரேஷனுக்குப் போக யோசித்துக்கொண்டிருந்த தறிக்கார அம்மா ஒருவர் அதை எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, ‘இது நெய்தது இல்ல டாக்டரம்மா. பின்னல். முறுக்கு நூலும் இல்ல, ஒத்தைப் புரி. கண்ணு பெருசு பெருசா வுட்டுருக்கான்’ என்றார். மாநாட்டில் ஒரு பேராசிரியர் அரை மணிநேரம் படம் போட்டு விளக்கியதை அந்த அம்மா விரலாலேயே சொல்லிவிட்டார்.

அத்தனை விஷயமும் அந்த ஒற்றைப் புரியிலும் பெரிய கண்ணிலும்தான் இருக்கிறது. பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு. அதைத் தின்ன வரும் வெள்ளணு பத்து மைக்ரானுக்கு மேல். முறுக்கு நூலின் இடுக்கிலோ நெருக்க நெய்த துணியிலோ பாக்டீரியா போய் ஒளிந்துகொள்ளும், வெள்ளணு பின்தொடர முடியாது. கண் 75 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் வெள்ளணுவும் போகும், உடம்பின் திசுவும் ஊடுருவி வளர்ந்து டேப்பைப் பிடித்துக்கொள்ளும். ப்ரோட்டிஜென் என்று ஒரு டேப் அமெரிக்காவில் விற்றது, நெய்த பாலியஸ்டர். யோனிச் சுவரை அரித்து வெளியே வந்ததால் 1999-ல் திரும்பப் பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம் உப்சாலா டேப்புக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது, அது ப்ரோட்டிஜென் போன்றதுதான் என்று காட்டி. காகிதத்தில் இரண்டும் ஒரே இனம். அந்த அம்மாவிடம் கொடுத்திருந்தால் பிரித்து வைத்திருப்பார்.

நல்ல டேப்பின் நெடுங்கால முடிவு நன்றாகவே இருக்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. நார்டிக் நாடுகளில் ஆரம்பத்தில் செய்துகொண்ட 90 பெண்களைக் கார்ல் குஸ்தாவ் நில்சன் குழு 17 வருஷம் தொடர்ந்தது. தேடிப் பார்க்க முடிந்தவர்களில் 78 சதவீதம் பேரை நேரிலோ தொலைபேசியிலோ விசாரித்தார்கள். பரிசோதனையில் 90 சதவீதத்துக்கு மேல் கசிவில்லை. 87 சதவீதம் பேர் குணமாகிவிட்டது அல்லது முன்னைக்கு ரொம்பத் தேவலை என்றார்கள். இதைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, அவை அந்த முறையை உருவாக்கியவர்களின் கைகள். தேர்ந்தெடுத்த நோயாளிகள், அதிகம் சிக்கலில்லாத உடம்புகள்.

இங்கே டேப் கிட்டின் விலை கட்டாமல், குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையிலிருந்து பட்டையாக வெட்டி வைப்பதும் உண்டு. அதை நான் குறைசொல்ல மாட்டேன். சரியான வலையாக இருந்து, கையும் சரியாக இருந்தால் கைவசம் உள்ளதை வைத்துச் செய்கிற நல்ல வேலை. ஆனால் என்ன வைத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு பெண்மணிக்கு நீர்க்கடுப்பு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக், பத்து நாள் நிம்மதி, திரும்ப எரிச்சல். ஸ்கேனில் மூத்திரப்பையில் கல். கல்லை உடைத்து எடுத்தார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி கல். கேமரா போட்டுப் பார்த்தபோது மூத்திரப்பையின் குறுக்கே கயிறு கட்டியதுபோல் டேப் ஓடியது, கல் அதன்மேல்தான் படிந்திருந்தது. எப்போது வைத்தது, எந்த வகை, எந்த வழியாகச் செருகியது என்று ஒரு தாளும் இல்லை. ‘யூரின் ஆபரேஷன்’ என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு வெள்ளத்தில் போய்விட்டது. 2015-ல் அடையாறு இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டு பீரோக்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பழைய ஃபைல் இல்லை என்றார்கள். டேப்பை எடுத்தாயிற்று. கசிவு பாதி திரும்பி வந்தது. அந்தப் பாதியை அவர் பொருட்படுத்தவில்லை. எரிச்சல் நின்றதே போதும் என்றார்.

வெளிநாட்டில் இதே பிரச்சினை வழக்குகளாக வெடித்தது. அடி இறக்கத்துக்கு யோனி வழியாக வைத்த பெரிய வலைகள்தான் அதிகம் கெடுத்தன. அமெரிக்காவில் 2019-ல் அவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். கசிவுக்கு வைக்கும் டேப்பை அங்கே தடுக்கவில்லை. இங்கிலாந்தில் 2018-ல் இரண்டையுமே நிறுத்தி வைத்தார்கள். பாரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2020-ல் வந்தது. அதில் என்னைப் பிடித்து உலுக்கியது, அந்தப் பெண்கள் வருஷக்கணக்காக ‘வலிக்கிறது’ என்று சொல்லியும் கேட்டவர்கள் அதை நம்பவில்லை என்பது. டேப் வைத்தவர்களைப் பற்றிய பதிவேடு இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படியொரு படிவத்தை நிரப்பச் சொல்லி யாரும் வந்ததில்லை.

டேப்பே வேண்டாம் என்கிறவர்களுக்குச் சொந்தச் சவ்வு இருக்கிறது. அடிவயிற்றுத் தசையின் மேல் இருக்கிற கெட்டியான சவ்விலிருந்து ஒரு பட்டை எடுத்து மூத்திரக் குழாய்க்கு அடியில் கட்டுவது. அமெரிக்காவில் 655 பெண்களை வைத்து இதையும் பர்ச்சையும் ஒப்பிட்டார்கள், 2007-ல் வெளிவந்தது. இரண்டு வருஷத்தில் சவ்வுப் பட்டைக்கு 47 சதவீதம், பர்ச்சுக்கு 38. என்ன இது இவ்வளவு குறைவு என்று தோன்றும். எந்த வகைக் கசிவும் இல்லை, பேடு டெஸ்டில் ஈரமில்லை, இருமினால் வரவில்லை, மறு சிகிச்சை தேவைப்படவில்லை என எல்லாவற்றிலும் தேறினால்தான் வெற்றி என்று கணக்கு வைத்தார்கள். இருமல், தும்மல் கசிவை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே பெண்களில் 66, 49. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது ஒரு கசிவும் இல்லாதவர்கள் 31 சதவீதம், 24 சதவீதம் என்று இறங்கிவிட்டது. ஆனால் ‘திருப்தியா?’ என்று கேட்டதற்குச் சவ்வுப் பட்டை வைத்தவர்களில் 83 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், பர்ச்சில் 73.

இந்த 31-க்கும் 83-க்கும் நடுவே இருக்கிறவர்கள்தான் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். சவ்வு வைத்துப் பல வருஷம் ஆன ஒரு அம்மா இருக்கிறார். மூத்திரம் போக உட்கார்ந்தால் உடனே வராது. முன்னால் நன்றாகக் குனிய வேண்டும்; வலது கையை அடிவயிற்றில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும்; பாதி போனதும் எழுந்து நின்று, திரும்ப உட்கார்ந்தால் மீதி வரும். எனக்குச் செய்தே காட்டினார், நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு கூச்சமும் இல்லாமல். புத்தகக் கணக்கில் இது அறுவையின் பக்கவிளைவு, மூத்திரத் தடை. ஸ்கேனில் போனபிறகு எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தேன். கவலைப்படும் அளவு இல்லை. ‘இதைக் கொஞ்சம் தளர்த்திவிட முடியும், டாக்டரிடம் போறீங்களா?’ என்றேன். ‘எதுக்கு? முன்ன பேரன் தூக்கச் சொல்லி அழுவான், இவளுக்குப் பாசமே இல்லன்னு மருமவ நெனச்சுக்கிச்சு. இப்ப தூக்கறேன். இது ஒரு கஷ்டமா?’ என்றார்.

‘கசிவு இருக்கா?’ என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் எவ்வளவு நேரம் சுற்றுவீர்கள்? குன்றத்தூர் மலைப்படி ஏறினீர்களா, இந்த வருஷம்? பஸ்ஸில் போகிற நாளில் காலையில் காபி குடிப்பீர்களா? கல்யாணத்துக்கு என்ன புடவை கட்டினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி அதிகம் பிடித்துக் கொடுக்கும். பீரோவில் மாம்பழ மஞ்சள் பட்டு இருக்க, அடர்நிறத்தில் பூப்போட்ட சின்தடிக்கையே திரும்பத் திரும்பக் கட்டிப் போகிறவர் கசிவில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

பத்தாவது வருஷத்தில் வருகிறவர்களில் பலர் கேட்பது, ‘டேப்பு அறுந்துபோச்சா டாக்டரம்மா?’ அது அறுவதில்லை. விசாரித்தால் தும்மும்போது வருவதில்லை. அடக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுகிற வழியில்தான் வந்துவிடுகிறது. பூட்டில் சாவி போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால். இது வேறு வியாதி. வயதானால் மூத்திரப்பை தானாகவே சுருங்கத் தொடங்கும். சர்க்கரை சேர்ந்தால் இன்னும் மோசம். டேப் சற்று இறுக்கமாக இருந்தாலும் வரும். ஆய்வுகளில் வருஷத்துக்கு வருஷம் எண் இறங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அறுவை தோற்கவில்லை, உடம்பு வேறு பக்கம் பிரச்சினை தொடங்கிவிட்டது. அப்படி வந்தவருக்கு இரண்டாவது டேப் வைத்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன், எங்கே என்று சொல்லமாட்டேன். ஓடுகிற வேகம் அதற்குப்பின் இன்னும் கூடிற்று. முதலில் நீர்த்தொற்று இருக்கிறதா, மீதி தங்குகிறதா, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து, டீயைக் குறைத்து, நேரம் வைத்துப் போகப் பழக்கி, யோனியில் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தடவச் சொல்லி, தேவைப்பட்டால் மாத்திரை கொடுப்பது. அவ்வளவு வேலையும் கத்தி இல்லாமலே முடியும்.

ஆர்னால்ட் கெகல் 1948-ல் சொன்ன பயிற்சியைப் பற்றி நோயாளிகளைவிட டாக்டர்களுக்குத்தான் இளக்காரம். தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் யாரும் சரியாகச் செய்யமாட்டார்கள், முக்கிவிடுவார்கள், நேரெதிர். படுக்கவைத்து, உள்ளே ஒரு விரலை வைத்து, ‘நாலு பேர் நடுவுல வாயு வருது, அடக்குங்க’ என்றால் உடனே சரியான தசை சுருங்கும். எட்டு எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். மூன்று மாதம் தினமும். நெதர்லாந்தில் 460 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சி, மறுபாதிக்கு டேப் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். டேப்தான் ஜெயித்தது, பயிற்சிப் பக்கம் இருந்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் டேப்புக்கே மாறிவிட்டார்கள். 2013-ல் வந்த அந்த ஆய்வைக் காட்டிப் பயிற்சி வீண் என்கிறார்கள். மீதிப் பாதி ஆபரேஷன் கேட்கவில்லையே என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இப்போது வந்துகொண்டிருப்பவள் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி மண்டலத்தில் துணி தைக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகள். பயிற்சியை ஒழுங்காகச் செய்தாள். இருமலில் வருவது குறைந்தது, பண்டல் தூக்கும்போது மட்டும் நிற்கவில்லை. டேப் வைத்தால் பத்து வருஷம் நிற்குமா என்று கேட்டாள். நிற்க வாய்ப்பு அதிகம் என்றேன். மொத்தமாக உலர்ந்தே இருப்பாள் என்று சொல்ல முடியாது. நூற்றில் சிலருக்கு டேப்பே தொந்தரவு தரும். ஐம்பதைத் தாண்டியபின் ஓடிப்போகிற அவசரம் தனியாக வரலாம், அதற்கு டேப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டு வராதே என்றும் சொன்னேன். சவ்வைப் பற்றியும் சொன்னேன். வயிற்றில் தையல் வேண்டாம், லீவு கிடைக்காது என்றாள். ஆடி கழித்துத் தேதி வாங்கியிருக்கிறாள். அனுப்புகிற கடிதத்தில், டேப் பெட்டியின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டி, எந்த வழியாகச் செருகியது என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். அதை அவள் போனில் போட்டோ எடுத்து மகள் நம்பருக்கும் எனக்கும் அனுப்ப வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.